மோதிய இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கார் பட்டறை நடத்துகிறேன். நொறுங்கிய பம்பரோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?" என்றுதான். விபத்து நடந்ததும் எங்கிருந்தோ ஓர் இழுவை லாரி வந்து நிற்கும். ஓட்டுநர் மடித்த தாளை பானெட்டின் மேல் விரித்து, "இங்கே மட்டும் போடுங்கண்ணே" என்பார். நிரப்பாத படிவம் என்றால் தொடவே வேண்டாம். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணை அழையுங்கள்.

அதற்குள் படம் எடுங்கள். இரண்டு கார்களின் எண் பலகையும் சாலைக் கோடுகளும் ஒரே படத்தில் தெரியட்டும். யார் எந்தத் தடத்தில் வந்தார் என்பதில்தான் தகராறே கிளம்பும். அப்புறம், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார். "பேசித் தீர்த்துக்கலாம்" என்று எதிராளி பணத்தை நீட்டினாலும் இதை விடாதீர்கள்.

தவறு எதிராளியுடையது, உங்களிடம் முழுக் காப்புறுதி இருக்கிறது என்றால், எதிராளியின் நிறுவனத்திடம் போகாமல் சொந்த நிறுவனத்திடமே இழப்பீடு கோரும் 'நாக் ஃபார் நாக்' முறை கிடைக்குமா என்று கேளுங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் என்சிடி தள்ளுபடி போகாது. 55 சதவீதத்தை எட்டியவருக்கு அது பெரிய தொகை.

நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். இறுதி முடிவு வந்த 6 மாதத்துக்குள் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது.