வீட்டுக் குத்தகை வேலைக்கு எந்த முறையில் விலை சொல்வது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) குடிவந்தவர்களின் வீடுகளில் சமையலறையை நீட்டிக் கட்டுவது, தகரக் கூரை மாற்றுவது, தீபாவளிக்கு முன் சாயம் பூசுவது என்று சிறு குத்தகை (ஒப்பந்த வேலை) தொழிலில் இறங்கும் இளைஞர்கள், கைவேலையில் தேர்ந்திருந்தும் விலை சொல்லும்போது தடுமாறுகிறார்கள். "எல்லாம் சேர்த்து எவ்வளவு தம்பி?" என்று வீட்டுக்காரர் வாசலிலேயே கேட்பார். அங்கேயே ஒரு தொகையைச் சொல்லிவிடாமல், அளவெடுத்துக்கொண்டு மறுநாள் சொல்வதாகக் கூறி வருவதே முதல் படி.

அடுத்து, உங்கள் ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள். நாளுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) வீதம் வேலையாள் இருவருக்கு 200 வெள்ளி. மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத, 60 வயதுக்குட்பட்ட உள்நாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி 13 விழுக்காடு ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) கட்ட வேண்டும் என்பதால், அதற்கு 26 வெள்ளி. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), லோரி எண்ணெய், கருவித் தேய்மானத்துக்கு 44 வெள்ளியும் உங்கள் கூலியாக 130 வெள்ளியும் வைத்தால் நாளுக்கு 400 வெள்ளி ஆகிறது. சொந்தக் கூலியை லாபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். லாபம் குறைந்த மாதத்தில் நீங்கள் கூலியில்லாமல் உழைத்திருப்பீர்கள்.

மூன்றாவது படிதான் விலைமுறையைத் தேர்ந்தெடுப்பது. இந்த வேலையில் எது கண்ணுக்குத் தெரிகிறது, எது மறைந்திருக்கிறது என்று பாருங்கள். சாயம், தரைக்கல் போன்றவற்றை அளந்துவிட முடியும் என்பதால் சதுர அடி விலை பொருந்தும். வரைபடமும் பொருள் விவரமும் முடிவான புதுக் கட்டுமானத்துக்கு மொத்த விலை சொல்லலாம். பழைய வீட்டைப் பிரித்துச் செய்யும் வேலைக்கு நாள் கூலியும் பொருள் ரசீதும் என்ற முறையே இரு தரப்புக்கும் நியாயமானது.

இதை நான் நட்டப்பட்டே கற்றேன். ஒரு பழைய வீட்டுக் கூரைக்கு மொத்த விலை பேசியிருந்தேன். தகரத்தைக் கழற்றியபின், பார்வைக்கு நன்றாக இருந்த மரச் சட்டத்தில் திருப்புளியை அழுத்தினால் கைப்பிடி வரை இறங்கியது. உள்ளே முழுவதும் கரையான் மண். பேசிய தாளில் "கூரை மாற்றுதல்" என்று மட்டும் இருந்ததால், ஆறு சட்டங்களை என் பணத்தில் மாற்றிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் மொத்த விலையே வேண்டும் என்றால், "பழுதடைந்த சட்டம் இருப்பின் அடிக்கு இவ்வளவு தனி" என்ற வரியை இப்போதெல்லாம் கட்டாயம் சேர்க்கிறேன்.

நான்காவது, லாபம். ஐந்து நாள் வேலைக்கு 2,000 வெள்ளி, பொருளுக்கு 1,500 வெள்ளி, ஆக 3,500 வெள்ளி அடக்கம் என்று கொள்வோம். அதன்மேல் 20 விழுக்காடு கூட்டினால் விலை 4,200. அந்த விலையில் உங்கள் லாபம் ஏறக்குறைய 16.7 விழுக்காடுதான். விலையில் 20 விழுக்காடு நிற்க வேண்டுமானால் அடக்கத்தை 0.8 ஆல் வகுத்து 4,375 என்று சொல்ல வேண்டும்.

கடைசியாக, பணம் வரும் கட்டங்களை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கட்டுமானப் பணப் பாக்கிகளுக்காக 2012 இல் இயற்றப்பட்ட சட்டம், தனிநபர் தாம் குடியிருக்கவே கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடங்களுக்குப் பொருந்தாது. நம் வேலைகளில் பெரும்பாலானவை அவைதான். ஆகவே பொருள் வாங்கும் முன் ஒரு பகுதி, கூரை ஏறியதும் ஒரு பகுதி, குப்பையை அள்ளிச் சாவியைக் கொடுக்கும் நாளில் மீதி என்று பிரித்து, அந்தந்தக் கட்டப் பணம் கைக்கு வந்த பின்னரே அடுத்த கட்டத்துக்கு ஆள் அனுப்புங்கள்.