டெக்கேம் படத்தில் இடைவெளிகளை அடைப்பது எப்படி

டெக்கேம் (டார்க் எனர்ஜி கேமரா) என்ற வானியல் கேமராவின் படத்தை முதல்முறை திறப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நடுநடுவே ஏன் கறுப்புக் கோடு?" அது கோடு இல்லை, காலி இடம். சிலியில் செர்ரோ டொலொலோவில் இருக்கும் 4 மீட்டர் பிளாங்கோ தொலைநோக்கியில் 2012 முதல் ஓடும் இந்தக் கேமராவில் படம்பிடிக்க 62 சிசிடி சில்லுகள். எவ்வளவு நெருக்கிப் பதித்தாலும் சில்லுகளுக்கு நடுவே ஒரு பக்கம் சுமார் 200 பிக்சல், மறுபக்கம் சுமார் 150 பிக்சல் விட்டுப்போகும். ஒரு பிக்சல் வானில் ஏறக்குறைய 0.26 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 60-ல் ஒன்று ஆர்க்மினிட், அதில் 60-ல் ஒன்று ஆர்க்செகண்ட்). அதாவது பெரிய இடைவெளியே 53 ஆர்க்செகண்ட்தான்.

இந்த 53-ஐ மறக்காதீர்கள், வேலையே அதை வைத்துத்தான். இந்தக் கேமராவின் படங்கள் இருக்கும் நாயர்லேப் இணையக் காப்பகத்தில் உங்கள் பொருளைத் தேடி, ஒரே ஃபில்டரில் எடுத்த படங்களின் மையங்களைப் பாருங்கள். தொலைநோக்கியை இரண்டு திசையிலும் ஒரு ஆர்க்மினிட்டுக்கு மேல் நகர்த்தி எடுத்தவையாகப் பொறுக்குங்கள். நகர்த்தாமல் எடுத்த படங்கள் நூறு இருந்தாலும் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். என்ஜிசி 1365 கேலக்சி வானில் சுமார் 11 ஆர்க்மினிட் நீளம்; ஒரு சில்லின் அகலமோ 9. எனவே ஒரே படத்தில் அதன் கை எங்காவது வெட்டுப்பட வாய்ப்பு அதிகம்.

கச்சாப் படம் வேண்டாம். ஒவ்வொரு சில்லையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் பாதிப்பாதியாகப் படிப்பதால், இரு பாதிகளின் அடிமட்டமும் வேறு வேறாக இருக்கும். அதைச் சரிசெய்வது தனி வேலை. அளவுதிருத்தம் முடிந்த படத்தை எடுங்கள். கூடவே கெட்ட பிக்சல்களைக் குறிக்கும் குறைமுகமூடிக் கோப்பையும், ஒவ்வொரு பிக்சலையும் எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் எடைக் கோப்பையும் மறக்காமல் எடுங்கள்.

அப்புறம் டிஎஸ்9 என்ற படம் பார்க்கும் மென்பொருளில் 'மொசைக் டபிள்யூசிஎஸ்' (சில்லுகளை வானில் அவற்றின் இடப்படி அடுக்கிக் காட்டும் முறை) ஆகத் திறந்து, சில்லு சில்லாக ஒரு பார்வை. என்30 என்ற சில்லு 2012 நவம்பரில் அதிக வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போனது, இன்றும் காலி. எஸ்30 என்ற இன்னொரு சில்லு 2013-ல் படுத்து 2016 கடைசியில் எழுந்தது. இந்தச் சில்லுகளின் ஓட்டையை அடைக்க ஒரு ஆர்க்மினிட் போதாது. பொருள் வேறு சில்லில் விழுந்த படம் வேண்டும்.

பொறுக்கிய படங்களை ஒன்றாகச் சேர்ப்பதற்கு ஸ்வார்ப் என்ற மென்பொருள். எடைக் கோப்பைக் கொடுங்கள், முகமூடி குறித்த பிக்சல்களுக்கு எடை பூஜ்யம். சேர்க்கும் முறை மீடியன் (நடுமதிப்பு) அல்லது கிளிப்டு (மற்றப் படங்களோடு ஒட்டாத மதிப்பை ஒதுக்குவது). செயற்கைக்கோள் கோடுகள் அப்போதுதான் போகும். வானத்தின் வெளிச்சத்தை அளந்து கழிக்க ஸ்வார்ப் படத்தைப் பிரிக்கும் பின்னணிக் கட்டத்தின் அளவுதான் நிறையப் பேர் கவனிக்காத இடம். இயல்பாக 128 பிக்சல், அதாவது சுமார் 34 ஆர்க்செகண்ட். அப்படியே விட்டால் கேலக்சியின் மங்கலான வெளிப்பகுதியையும் வானம் என்று நினைத்துக் கழித்துவிடும். பெரிய கேலக்சி என்றால் நான் 1024-க்குக் கீழே போவதில்லை.

முழுப் பரப்பையும் கேட்காதீர்கள். சுருக்கிய கோப்பை விரித்தால் ஒரு படமே 2 ஜிபி வரும். மையத்தையும் அளவையும் கையால் கொடுத்துத் தேவையான துண்டை மட்டும் எடுங்கள். சாதாரண லேப்டாப்பே தாங்கும்.