முன்பின் தெரியாதவருக்கு உதவுவது எப்படி: ரத்த வங்கி ஜன்னலில் கற்றது

நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். 22 வருடமாக ஒரே வேலை. ஒருவர் கையிலிருந்து இறங்கும் ரத்தத்தைப் பையில் வாங்கி, பரிசோதித்து, பிரித்து, இன்னொருவருக்கு அனுப்புகிறேன். கொடுத்தவருக்கு அது யாருக்குப் போகிறது என்று தெரியாது. ஏற்றிக்கொண்டவருக்கும் கொடுத்தவர் பெயர் தெரியாது. பையின் மேல் ஓர் எண், குரூப், காலாவதித் தேதி, அவ்வளவுதான். ஒரு பையை இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா என்ற மஞ்சள் நீர் என்று பிரியும். மூன்றும் மூன்று வார்டுக்குப் போகலாம்.

இத்தனை வருடம் இந்த ஜன்னலில் நின்று நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. யாரென்றே தெரியாதவருக்குச் செய்தது திரும்பி வரும். ஆனால் போன வழியிலேயே வராது. இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். இல்லையென்றால், "நான் எத்தனை பேருக்குச் செய்தேன், எனக்கு யார் வந்தார்கள்" என்று சீக்கிரமே கசந்துபோகும். அப்படிக் கசந்து விலகிய நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கையில் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மனதைப் பெரிதாக்குவது அப்புறம் தானாக நடக்கும். 1973-ல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் சமயக் கல்வி படித்த மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டு, சுருண்டு உட்கார்ந்திருப்பார். "நேரமாகிவிட்டது, ஓடு" என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். இதில் சிலர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவசரத்தில் இருந்தார்கள்.

இதைப் படித்த பிறகு நான் டியூட்டிக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே கிளம்ப ஆரம்பித்தேன். அந்தக் கால் மணி நேரத்தில் ஒன்றும் நடக்காத நாட்கள்தான் அதிகம். நடக்கிற நாளில், நின்று கவனிக்க என்னால் முடிகிறது. வழி தெரியாமல் ஒரே சந்தியில் இரண்டு முறை திரும்புகிறவர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுகையால் கதவைத் தள்ளப் பார்க்கிறவர், படிக்கட்டின் பாதியில் பெட்டியை வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறவர். இவர்கள் எல்லோரும் முன்பும் இருந்தார்கள், நான்தான் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்தது, கேட்கும் விதம். "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "பரவாயில்லை, நான் பாத்துக்கறேன்" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் கேள்வி அவர்களுக்கு ஒரு வேலை வைக்கிறது: தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, அதை உங்களிடம் கேட்கலாமா என்று அளந்து, கூச்சத்தை விழுங்கிச் சொல்ல வேண்டும். கலங்கிப்போயிருக்கும் மனிதரால் அது ஆகாது. அதற்குப் பதிலாக ஒரு சின்னக் காரியத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "இந்தப் பையை நான் பிடிச்சுக்கட்டுமா?" "இந்த இடத்துக்கு நான் போன் போட்டுத் தரட்டுமா?" ஆமாம், இல்லை என்ற ஒரு சொல்லில் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும்.

எங்கள் ஜன்னலுக்கு ஒரு முறை அறுபது வயதிருக்கும் ஒருவர் விண்ணப்பப் படிவத்தோடு வந்து நின்றார். மனைவிக்கு அவசரமாக ரத்தம் வேண்டும். பேனாவைப் பிடித்தபடியே நிற்கிறார், எழுதவில்லை. கை அவ்வளவு நடுங்கியது. "உதவட்டுமா" என்று நான் முதலில் கேட்டதற்கு, இல்லையென்று தலையாட்டிவிட்டார். அப்புறம், "ஐயா, நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். அம்மா பேர் என்ன?" என்றேன். உடனே சொன்னார். பெயர், வயது, வார்டு எண் எல்லாம் கடகடவென்று வந்தது. முடிவில் கையெழுத்தை மட்டும் அவரே போட்டார். அது அவர் போட வேண்டியது. உதவுகிறவர் எடுத்துக்கொள்ளக் கூடாத பகுதி ஒன்று எப்போதும் இருக்கும், அதை விட்டுவைக்க வேண்டும்.

நேரில் நின்று செய்வது ஒரு வகை. வைத்துவிட்டுப் போவது இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கும். எங்கள் ஜன்னலுக்கு வெளியே உள்ள நடையில் மூன்று பொருட்களை வைத்தேன்: ஒரு நாற்காலி, நூல் கட்டிய ஒரு பேனா, மூன்று வகை முனை உள்ள ஒரு சார்ஜர். ஆஸ்பத்திரியில் இரவில் போன் அணைந்துபோவது எவ்வளவு பெரிய தவிப்பு என்று அங்கே காத்திருந்தவர்களுக்குத் தெரியும். யாரிடமும் கேட்க வேண்டாம், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம், வந்து செருகிக்கொள்ளலாம்.

பேனா முதல் வாரமே காணாமல் போயிற்று. இன்னொன்று கட்டினேன், அதுவும் போயிற்று. மூன்றாவதைக் கட்ட வந்தபோது, அங்கே நான் வாங்காத இரண்டு பேனாக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நாள் கழித்து, சார்ஜரில் பிய்ந்திருந்த ஒயரை யாரோ டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். அப்புறம் ஒருநாள் இரண்டாவது நாற்காலி. யாரென்று இன்றுவரை தெரியாது. ஒரு பொருளை நாலு பேர் எடுத்துக்கொண்டு போகும்போது மனம் தளரத்தான் செய்யும். ஐந்தாமவர் கொண்டுவந்து வைக்கிறவரை தாக்குப்பிடிக்கும் அளவுக்கு விலை குறைந்த பொருளாக வையுங்கள். போனால் வயிறு எரியும் என்று தோன்றுகிற எதையும் வைக்காதீர்கள்.

செய்து முடித்தவுடன் கிளம்பிவிடுங்கள். நன்றிக்காக நிற்காதீர்கள், பெயர் சொல்லாதீர்கள், படம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். உதவி வாங்கிய முகத்தைப் படமாக்கினால் அவருக்குக் கொடுத்ததை அப்போதே திருப்பி எடுத்துக்கொண்டதாக ஆகும். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

"இதை நான் எப்படித் திருப்பித் தருவேன்?" என்று சிலர் விடாமல் கேட்பார்கள். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். கடன்பட்டதாக நினைக்கிறவருக்கு அது ஆறுதல் தராது. 1784-ல் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறார். கஷ்டத்தில் இருந்த ஒருவருக்குப் பணம் அனுப்பியபோது கூடவே எழுதினார்: இதை உங்களுக்குக் கொடுக்கவில்லை, கடனாகத் தருகிறேன், இதே நிலையில் இன்னொரு நேர்மையான மனிதரைக் காணும்போது அவருக்குக் கொடுத்துவிடுங்கள், எனக்குத் தர வேண்டிய கடன் அதோடு தீர்ந்தது, அவரிடமும் இதையே சொல்லுங்கள். நான் இவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. "அடுத்த தடவை யாராவது இப்படி நிக்கறதைப் பாத்தா நீங்க செஞ்சிடுங்க" என்பேன். கேட்டவர் முகம் லேசாகிவிடும்.

திரும்பி வரும் வழிகள் பல. நீங்கள் உதவுவதைப் பார்த்தவர்கள் உங்களை நம்புவது ஒரு வழி. மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் இதைக் கணித மாதிரியாகவே காட்டினார்கள்: நான் உனக்குச் செய்ததைப் பார்த்து மூன்றாமவர் எனக்குச் செய்கிறார். ஊரில் நல்ல பெயர் என்று நாம் சொல்வது அதுதான். ஆனால் என்னைத் தொட்டது யாரும் பார்க்காமல் சுற்றி வருகிற வழி.

அதற்கு எங்கள் துறையிலேயே ஒருவர் இருந்தார், ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன். 1951-ல், 14 வயதில் அவருக்கு மார்பில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. யார் யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் பிழைத்தார். 18 வயதானதும் 1954-ல் தானும் கொடுக்க ஆரம்பித்தார். ஊசியைப் பார்க்கவே பயம், குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் பிளாஸ்மாவில் அபூர்வமான ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருப்பது பின்னர் தெரிந்தது. அதிலிருந்து ஆன்டி-டி ஊசி மருந்து செய்தார்கள். தாய் நெகட்டிவ் குரூப், வயிற்றில் இருக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால், தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்தைத் தாக்க ஆரம்பிக்கலாம். அதைத் தடுக்கும் ஊசி அது. 2018-ல் 81 வயதில் நிறுத்தும்வரை 1,173 முறை கொடுத்தார். சுமார் 24 லட்சம் குழந்தைகளுக்கு அது உதவியிருக்கும் என்பது அந்த நாட்டு ரத்த சேவையின் கணக்கு. அந்த ஊசி தேவைப்பட்ட தாய்மார்களில் அவருடைய சொந்த மகளும் ஒருவர். 1951-ல் அந்தச் சிறுவனுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இரண்டாவது முறை கேட்கலாம், மூன்றாவது முறை கூடாது. இரவில் தனி இடத்துக்கு வரச் சொல்கிற உதவிக்குப் போகாதீர்கள், ஆள் கூட்டுங்கள், போன் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு வேண்டிய பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, எனக்கு மிகக் கடினமாக இருந்தது: வாங்கிக்கொள்ளப் பழகுவது. உதவி கேட்கிறவர்கள் மற்றவர்களின் மனதைக் குறைவாகவே கணிக்கிறார்கள் என்று சுவான் ஜாவ், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நாம் நினைப்பதைவிட அவர்கள் செய்யத் தயாராக இருக்கிறார்கள், செய்த பிறகு நாம் நினைப்பதைவிட மகிழ்கிறார்கள்.

என் அம்மாவுக்கு வேறொரு ஊரில் திடீரென்று தட்டணு தேவைப்பட்டது. தட்டணு 5 நாளுக்கு மேல் தாங்காது, அதனால் சேர்த்து வைக்க முடியாது. அன்றைக்கு அந்தக் குரூப்பில் அங்கே ஒரு பைகூட இல்லை. நான் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நின்றிருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் தெரிந்த எனக்கே, நடையில் நின்றிருந்தவர்களிடம் வாய்விட்டுக் கேட்க அரை மணி நேரம் ஆயிற்று. கேட்டேன். யாரையோ பார்க்க வந்திருந்த ஒரு பையன் எழுந்து, "அக்கா, எனக்கு அந்த குரூப்தான். வாங்க" என்றான். அவ்வளவுதான் பேச்சு. கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே அவன் பார்க்க வந்தவரின் வார்டுக்குப் போய்விட்டான். எப்படித் திருப்பித் தருவேன் என்று கேட்க நான் பின்னாலேயே ஓடினேன். லிப்ட் கதவு மூடிவிட்டது.

அம்மா பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். அதற்கு மறுநாள்தான் நான் நடையில் அந்த முதல் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன்.