ஷாக் அப்சார்பருக்கு ஒரு கேபிள் டை

அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் லிங்கனில் ஃபார்முலா எஸ்ஏஈ (மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் கார்களோடு மோதும் போட்டி) நடந்த விமானத்தளம் போன்ற கான்கிரீட் தளத்தில், மாணவர்கள் கட்டிய கார் கான்கிரீட் பலகைகளின் ஒவ்வொரு இணைப்பிலும் இடி வாங்கும். ஷாக் அப்சார்பர் தண்டில், உரசி நகரும் அளவுக்கு ஒரு கேபிள் டையைக் (வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) கட்டுங்கள். ஓடி வந்ததும் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கடைசிவரை போயிருந்தால் தரையிலிருந்து காரின் உயரத்தைச் சில மில்லிமீட்டர் கூட்டுங்கள். போட்டி விதி கேட்கும் 50 மி.மீ. மேல்-கீழ் சக்கர நகர்வு காகிதத்தில் மட்டும் இருந்து என்ன பயன்?

டை பாதியிலேயே நின்றும் கார் துள்ளுகிறதா? பலருக்கும் உடனே கெட்டியான ஸ்பிரிங் மாட்டத்தான் கை பரபரக்கும், வேண்டாம். வேக அமுக்கத்துக்கான தணிப்பை, அதாவது ஷாக் அப்சார்பர் சட்டென்று அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பை, தளர்த்திப் பாருங்கள்.

போட்டியின் 22 கிலோமீட்டர் எண்டியூரன்ஸ் (நெடுந்தூர) ஓட்டத்துக்கு முன், போல்ட் தலைகளிலிருந்து பக்கத்துப் பாகம் வரை பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். கழன்றால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.