மெழுகால் எழுதும் முட்டை: புக்கோவினா முறை

ருமேனியாவின் வடகிழக்கில் உள்ள புக்கோவினாப் பகுதியில், ஈஸ்டர் பண்டிகைக்காக முட்டை ஓட்டில் மெழுகால் கோலம் எழுதிச் சாயமேற்றும் கலை இன்றும் உயிரோடு இருக்கிறது. சொக்கனெஷ்டி என்ற ஊர் இதற்குப் பெயர் பெற்றது. மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது என்பதே இதன் அடிப்படை. மெழுகு தடவிச் சாயமேற்றும் பத்திக் துணி பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வெள்ளை ஓடுள்ள முட்டையைக் கழுவி, இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, நீரால் அலசி, ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள். பின்னர் துளைகளை மெழுகால் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாயம் உள்ளே புகுந்துவிடும்.

எழுதும் கருவிக்குக் 'கிஷிட்சா' என்று பெயர். மரக்குச்சியின் முனையில் மெல்லிய உலோகக் குழாய் பொருத்தியிருப்பார்கள். அதை உருகிய தேன்மெழுகில் தோய்த்து உடனே எழுத வேண்டும். மெழுகு ஆறிப்போனால் கோடு ஓட்டில் சரியாகப் பற்றாமல், அடியில் சாயம் கசியும். கையை நகர்த்தாமல் முட்டையை மெல்லச் சுழற்றினால் கோடு நேராக விழும். முதலில் நடுவில் ஒரு பட்டை எழுதி, பரப்பை நான்காக, எட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பூக்களை விட 'வழி தவறிய பாதை' எனப்படும் வளைந்து நெளியும் கோடே பழகுவதற்கு ஏற்றது என்பது என் கருத்து.

இனி மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி. முதலில் எழுதியவை கடைசியில் வெண்மையாக நிற்கும். அதன்பின் முட்டையை வினிகர் கலந்த மஞ்சள் சாயத்தில் அமிழ்த்தி, ஈரத்தை ஒற்றியெடுத்து, மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களை மெழுகால் மூட வேண்டும். அடுத்து சிவப்பிலும், அதில் வேண்டியதை மூடிய பின் கருப்பிலும் இதையே செய்ய வேண்டும். தவறாக விழுந்த மெழுகுத் துளியை அழிக்க இயலாது என்பதால், வண்ண வரிசையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சாயம் சூடாக இருந்தால் மெழுகு கரையும். ஆகவே ஆறியதையே பயன்படுத்துங்கள். உள்ளீடற்ற முட்டை மிதக்கும் என்பதால், கரண்டியால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கடைசிச் சாயம் உலர்ந்ததும், துளைகளின் அடைப்பை அகற்றிவிட்டு, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே அல்லாமல் பக்கவாட்டில் காட்டி, இளகும் மெழுகை மென்துணியால் துடைத்தெடுங்கள். சுடருக்கு மேலே பிடித்தால் கரி படியும். கரிய மெழுகுப் படலத்தின் அடியிலிருந்து வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளிப்படும் அந்தச் சில நிமிடங்களில் அவசரப்படாதீர்கள். அழுத்தித் துடைத்தால் ஓடு நொறுங்கும். இறுதியாக, மெல்லிய வார்னிஷ் பூசி நிழலில் உலர்த்துங்கள்.