பழைய பாக்கெட் டார்ச்சில் புது எல்.இ.டி.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தாராபுரத்திலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பழைய பல்பை எடுத்துவிட்டுத் தானே எல்.இ.டி. பொருத்திய ஒரு பாக்கெட் டார்ச்சைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தான். "அஞ்சு நிமிசம் நல்லாத்தானுங்க மாமா எரிஞ்சுது. அப்புறம் நீலமா மாறி அணைஞ்சுருச்சுங்க" என்றான். டார்ச்சின் தலையைக் கழற்றும் முன்பே உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 15 வருடத்துக்கு முன் நானும் அதையேதான் செய்து வைத்தேன். இந்த ஒரு வருடத்தில் இதே கோளாறோடு என்னிடம் வந்தவர்களில் இவன் நான்காவது ஆள்.

பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுப்பது, ஒயரைச் சரியாகப் பற்றவைக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அப்படிச் செய்தால் டார்ச் அன்றைக்கே எரியாது, நீங்களும் திருத்திக்கொள்வீர்கள். வீட்டில் நன்றாக எரிந்துவிட்டுக் காட்டுக்குள் போனதும் கைவிடுகிற தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எங்கள் பக்கம் மோட்டார் போட, மடை மாற்ற என்று ராத்திரியில் தோட்டத்துக்குப் போகாத வீடு குறைவு. "பூச்சி பொட்டு இருக்கும், லைட்ட எடுத்துட்டுப் போ" என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்களே, அந்த லைட் பாதி வழியில் அணையக் கூடாது.

வோல்ட் பொருந்தினால் போதும் என்று நினைப்பது

பழைய குண்டு பல்பு பொறுமைசாலி. 2.5 வோல்ட் பல்புக்கு 3 வோல்ட் கொடுத்தாலும் கொஞ்ச நாள் தாங்கும். வெள்ளை எல்.இ.டி. அப்படித் தாங்காது. 3 வோல்ட்டை ஒட்டி நன்றாக எரியும், அதற்கு மேல் வோல்ட் துளி ஏறினாலும் மின்னோட்டம் பல மடங்கு எகிறும். முழுக்க சார்ஜ் ஏறிய லித்தியம் செல் 4.2 வோல்ட் காட்டும். அதை நேராகக் கொடுத்தால் எல்.இ.டி.யின் ஆயுள் அங்கேயே குறையத் தொடங்கிவிடும்.

அதனால் நடுவில் ஒரு டிரைவர், அதாவது மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிற சின்ன சர்க்யூட், வேண்டும். ஒற்றை லித்தியம் செல்லுக்கு ஏ.எம்.சி. 7135 என்ற சின்ன சிப் நன்றாக உழைக்கும், ஒரு சிப்புக்கு 350 மில்லி ஆம்பியர்தான் விடும். இரண்டு பென்சில் செல் போடுகிற டார்ச் என்றால் வோல்ட்டை ஏற்றித் தருகிற பூஸ்ட் டிரைவர் வாங்குங்கள். இல்லாவிட்டால் செல் பாதி தீரும் முன்பே வெளிச்சம் மங்கிவிடும்.

இன்னொன்று: 14500 என்ற லித்தியம் செல் அளவில் பென்சில் செல்லைப் போலவே இருக்கும். அளவு சரியாக இருக்கிறதே என்று அதில் இரண்டை உள்ளே போட்டால் 8.4 வோல்ட் போகும். ஒன்று மட்டும் போட்டு, மற்ற இடத்தில் டம்மி செல் (மின்சாரத்தைக் கடத்த மட்டும் செய்கிற வெற்று செல்) வையுங்கள்.

வெப்பத்துக்கு வழி விடாமல் ஒட்டுவது

என் அப்பாரு (தாத்தா) ஒரு பித்தளை பாக்கெட் டார்ச் வைத்திருந்தார். வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு மஞ்சள் காட்டுக்குத் தண்ணி கட்டப் போவார். அவர் காலத்துக்குப் பிறகு அது எனக்கு வந்தது. கோவை காந்திபுரத்தில் 3 வாட் எல்.இ.டி. ஒன்று வாங்கினேன். அடியில் நட்சத்திர வடிவ அலுமினியத் தகடு வைத்தது. அது ஆடாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில், இரண்டு டியூப்பைக் கலந்து பூசுகிற எபாக்ஸியை எடுத்து, ரிஃப்ளெக்டரின் (ஒளியை முன்னால் குவிக்கிற பளபளப்பான கிண்ணம்) அடித்துளையிலேயே வைத்து ஒட்டிவிட்டேன். வாசலில் நின்று இரண்டு நிமிடம் அடித்துப் பார்த்தபோது தென்னை மரத்தின் உச்சி வரை போனது. வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி கரும்புக்குத் தண்ணி கட்டும்போது சுமார் 20 நிமிடத்தில் வெளிச்சம் நீலமாகி, அப்புறம் அணைந்தே போனது. மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நிற்கிறேன், சுற்றிலும் இருட்டு. சின்ன போனின் திரை வெளிச்சத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

காரணம் இதுதான். குண்டு பல்பு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை வெளிச்சத்தோடு சேர்த்து முன்பக்கமே அனுப்பிவிடும். எல்.இ.டி. முன்னால் தருவது வெளிச்சம் மட்டும். உள்ளே போகிற மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாக மாறி, எல்.இ.டி.க்குப் பின்னால் தங்கும். அந்த வெப்பம் தகட்டுக்கு இறங்கி, அங்கிருந்து டார்ச்சின் உடம்புக்கும், பிடித்திருக்கிற கைக்கும், காற்றுக்கும் போக வேண்டும். நடுவில் எபாக்ஸியோ க்ளூ கன் பசையோ இரட்டைப் பக்க டேப்போ இருந்தால் பாதை அடைபட்டுவிடும். வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல எல்.இ.டி.யின் மேல் பாஸ்பர் என்கிற மஞ்சள் ஒளிர்பொடியைப் பூசியதுதான். சூட்டில் அந்தப் பூச்சு கெடும்போது அடியிலிருக்கும் நீலம் எட்டிப் பார்க்கிறது.

எல்.இ.டி. போனதில் எனக்கு வருத்தமில்லை, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் எபாக்ஸியைப் பெயர்த்தபோது ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சும் அதோடு உரிந்து வந்துவிட்டது. அந்த அளவில் வேறு ரிஃப்ளெக்டர் கோவையிலும் கிடைக்கவில்லை, ஈரோட்டிலும் கிடைக்கவில்லை. அப்பாருவின் டார்ச் இன்னமும் அலமாரியில் கண்ணில்லாமல் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அக்கா மகன் கொண்டுவந்த டார்ச்சில் அதே எபாக்ஸி, அதே இடத்தில் இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்ன செய்ய வேண்டும்? டார்ச் தலையின் உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்துகொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போங்கள். கோவைக்காரர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை, கணபதியிலும் பீளமேட்டிலும் தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கிறது. மிச்சமான அலுமினிய ராடில் ஒரு துண்டு வெட்டி, தலைக்குள் இறுக்கமாக உட்காரும்படி கடைந்து தருவார்கள். ஒயர் போக ஒரு துளை கேளுங்கள். முதலில் தகட்டில் ஒயர்களைப் பற்றவைத்துவிடுங்கள். அலுமினியத் துண்டின் மேல் உட்கார்ந்த பிறகு 25 வாட் சால்டரிங் அயர்ன் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஈயம் உருகாது, சூட்டையெல்லாம் துண்டு குடித்துவிடும். அப்புறம் தகட்டின் அடியில் வெப்பத்தைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி வைத்து அழுத்துங்கள். பேஸ்ட் அதிகமானால் அதுவே வெப்பத்தை மறிக்கும்.

முடித்ததும் 15 நிமிடம் விடாமல் எரியவிட்டு, தலையைத் தொட்டுக்கொண்டே இருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வெப்பம் வெளியே வருகிறது, நல்லது. பிரகாசமாக எரிந்தும் உடம்பு சில்லென்று இருந்தால் உடனே அணையுங்கள். வெப்பம் முழுக்க எல்.இ.டி.க்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.

பிளாஸ்டிக் டார்ச்சா? உள்ளே அலுமினியத் துண்டு வைத்தாலும் 350 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதீர்கள்.

ரிஃப்ளெக்டரைக் கவனிக்காமல் விடுவது

பழைய பல்பின் இழை எல்லாத் திசையிலும் ஒளி தரும். எல்.இ.டி. முன்பக்கம் மட்டுமே விரித்துத் தரும். அது ஒரு மில்லி மீட்டர் பின்தங்கினாலும் சுவரில் விழும் வெளிச்சத்தின் நடுவில் உளுந்து வடை மாதிரி இருட்டு ஓட்டை தெரியும். நிரந்தரமாக இறுக்கும் முன், மெல்லிய அட்டை வாஷர்களைக் கூட்டிக் குறைத்து, 3 மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்துப் பாருங்கள். உலோக ரிஃப்ளெக்டர் என்றால் அதன் அடி விளிம்பு ஒயர் பற்றவைத்த புள்ளிகள் இரண்டையும் தொட்டு ஷார்ட் ஆக்கும். அந்த இடத்தில் ஒரு வாஷர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பழைய சார்ஜரோடு லித்தியம் செல் சேர்ப்பது

செய்யவே செய்யாதீர்கள். பழைய சார்ஜ் டார்ச்சில் லெட் ஆசிட் பேட்டரிக்கு என்று வைத்த சார்ஜர் 4.2 வோல்ட்டில் நிற்காது, லித்தியம் செல் தீப்பிடிக்கலாம். பிளக்கில் நேராகச் செருகுகிற மலிவு டார்ச்சுகளில் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்காது. செருகியபடியே திறந்து கை வைத்தால் வீட்டு மின்சாரம்தான் அடிக்கும். 18650 என்ற பெரிய லித்தியம் செல்லின் மேல் அதன் கொள்ளளவு 9,900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சிட்டிருந்தால் அது பொய், வாங்காதீர்கள்.

எல்.இ.டி.யின் குமிழை விரலால் தொடுவது

தொடாதீர்கள்.

அதிக வெள்ளைக்கு ஆசைப்படுவது

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் போட்டிருப்பார்கள்; 6,500 கெல்வின் என்று போட்டிருக்கும் எல்.இ.டி. கடையில் கண்ணைப் பறிக்கும். தோட்டத்தில் அந்த நீல வெள்ளையில் மண்ணும் சருகும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன. சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடந்தால் அதன் பழுப்புப் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க 4,000 முதல் 5,000 கெல்வின் வரையிலான வெளிச்சம் எனக்கு நன்றாக உதவுகிறது. பிரகாசம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, இதையே கேட்டு வாங்குங்கள்.

துருப்பிடித்த ஸ்பிரிங்கை அப்படியே விடுவது

பழைய பல்புக்கு அது போதுமானதாக இருந்தது. புதிய எல்.இ.டி. கேட்கிற மின்னோட்டம் அதன் வழியாக வரும்போது வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். துருவைத் தேய்த்துவிட்டு, ஸ்பிரிங்கின் மேல் முனையையும் அடியையும் ஒரு மெல்லிய செம்புப் பின்னல் கம்பியால் இணைத்துப் பற்றவையுங்கள். அக்கா மகனின் டார்ச்சில் புது எல்.இ.டி. போட்ட பிறகும் வெளிச்சம் மந்தமாகவே இருந்தது. இந்தக் கம்பியைப் போட்ட பிறகுதான் சரியானது.