பவர்டு ஸ்பீக்கர்களையும் சப்பையும் மேடைக்கு இணைப்பது எப்படி

மிக்சரில் மெயின் அவுட் இரண்டுதான், லெஃப்ட் ஒன்று, ரைட் ஒன்று. கையில் இருப்பதோ நான்கு பவர்டு ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர். பின்னால் எந்தத் துளையில் எதைச் செருகினாலும் ஏதோ ஒரு சத்தம் வந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்தே, தப்பாக இணைத்திருக்கிறோம் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். பேஸ் எனப்படும் தாழ்ந்த சுருதி ஒலியைச் சப்புக்கும் மற்றதை மேலே நிற்கும் டாப் ஸ்பீக்கர்களுக்கும் எந்த இடத்தில் பிரிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கப்புறம் மிச்சம் பெரும்பாலும் கேபிள் வேலைதான்.

பவர்டு ஸ்பீக்கருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அதனால் அதற்கு வேண்டியது ஒரு கரண்ட் கேபிளும் மிக்சரிலிருந்து வரும் லைன் சிக்னலும் மட்டுமே. தனி பவர் ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்டை இதற்குள் கொடுத்துவிடாதீர்கள், இன்புட் சர்க்யூட் போய்விடும். சிக்னலுக்கு எக்ஸ்எல்ஆர் கேபிள் நல்லது. அதில் ஒரே சிக்னல் நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொன்றிலும் போகிறது, வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சலை மறுமுனை கழித்துவிடுகிறது, ஆகவே 30 மீட்டர் இழுத்தாலும் கவலையில்லை. கிட்டாருக்குப் போடும் சாதாரண ஜாக் கேபிளில் அந்த வசதி கிடையாது, ஐந்தாறு மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எளிய வழி, சப் வழியாகப் போவது. மிக்சரின் லெஃப்ட், ரைட் இரண்டையும் சப்பின் இன்புட்டில் கொடுத்து, சப்பின் இரண்டு அவுட்டிலிருந்தும் இடது டாப்புக்கும் வலது டாப்புக்கும் கேபிள் எடுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன்னால் அந்த அவுட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். த்ரூ என்றோ லிங்க் என்றோ இருந்தால் உள்ளே வந்த சிக்னல் அப்படியே முழுதாக வெளியே போகிறது. ஹை-பாஸ் என்று இருந்தால் தாழ்ந்த ஒலியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் டாப்புக்கு அனுப்புகிறது. சில சப்பில் அவுட் ஒன்றுதான், பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்து இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும்.

வெட்டும் இடம் வழக்கமாக 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், 100-இல் ஆரம்பிக்கலாம். வெட்டாமல் விட்டால் டாப்பில் உள்ள 10 அல்லது 12 அங்குல ஊஃபர் கிக் டிரம்மோடு மல்லுக்கட்டிக்கொண்டே பாடகரின் குரலையும் சுமக்க வேண்டியிருக்கும், சத்தம் கூடக்கூட குரல்தான் முதலில் கலங்கும். பேஸைக் கூட்டத்தான் சப் என்று நினைப்பவர்கள் நிறைய. என்னைக் கேட்டால் டாப்பின் பாரத்தை இறக்குவதுதான் அதன் பெரிய வேலை. அதே சமயம் இரண்டு முறை வெட்டிவிடவும் கூடாது. சப்பின் ஹை-பாஸ் அவுட்டிலிருந்து எடுத்துவிட்டு, டாப்பின் மெனுவிலும் சப் இருக்கிறது என்று 100 ஹெர்ட்ஸ் போட்டால் சப்பும் டாப்பும் சேரும் இடத்தில் பள்ளம் விழும், பேஸ் கிட்டார் சில சுரங்களில் காணாமல் போகும், ஆண் குரல் மெலிந்துவிடும். சப்பில் வெட்டினால் டாப்பை முழு ரேஞ்சில் விடுங்கள். சப்பில் த்ரூ மட்டும்தான் இருக்கிறது என்றால் டாப்பில் வெட்டுங்கள்.

மிக்சரில் ஆக்ஸ் அவுட் ஒன்று, அதாவது வேண்டிய சேனல்களை மட்டும் தனியாகக் கலந்து அனுப்பும் அவுட், சும்மா இருந்தால் எனக்குப் பிடித்தது இன்னொரு முறை. மெயின் அவுட் நேராக டாப்புகளுக்குப் போகட்டும், சப்புக்கு ஆக்ஸிலிருந்து தனியாக ஒரு கேபிள். அந்த ஆக்ஸை போஸ்ட்-ஃபேடரில், அதாவது சேனலின் வால்யூம் ஃபேடருக்குப் பின்னாலிருந்து சிக்னல் எடுக்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் ஃபேடரை இறக்கினாலும் சப்பில் அந்தச் சேனல் ஓடிக்கொண்டே இருக்கும். கிக், பேஸ், கீபோர்டு, பதிவு செய்த பின்னணி டிராக் இவற்றை மட்டும் அதில் அனுப்புங்கள். மேடை மரப்பலகையின் அதிர்வு, மைக் ஸ்டாண்டில் கால் இடிக்கும் சத்தம், பாடகர் விடும் மூச்சு எதுவும் குரல் மைக் வழியாகச் சப்புக்குள் போகாது. இந்த முறையில் சப் சிக்னலை வெளியே அனுப்பும் வேலை இல்லை, ஆகவே வெட்டு டாப்பிலேயே நடக்க வேண்டும்.

மூன்றாவது, நான்காவது ஸ்பீக்கருக்கு மிக்சரில் தனி அவுட் தேட வேண்டாம், முதல் டாப்பின் லிங்க் அவுட்டிலிருந்து அடுத்ததற்குப் போகலாம், இன்புட்டுகள் லேசானவை என்பதால் நான்கைந்தைத் தொடர்ந்தாலும் சிக்னல் தாங்கும். சில மாடலில் மிக்ஸ் அவுட் என்று இருக்கும், அது அந்த ஸ்பீக்கரின் எல்லா இன்புட்டையும் கலந்து தருவது, அதன் வால்யூம் குமிழைத் திருப்பினால் அடுத்த ஸ்பீக்கரும் சேர்ந்து மாறலாம். அப்புறம், ஒரே பக்கத்தில் இரண்டு டாப்பை ஒட்டி வைத்து ஒரே திசையில் திருப்பாதீர்கள், ஒலிகள் ஒன்றையொன்று அழித்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி கேட்கும். கூடுதல் ஜோடியைப் பின்வரிசைக்காக அரங்கின் நடுவில் நிறுத்துவது பயனுள்ள வேலை, ஆனால் அதற்கு டிலே, அதாவது சிக்னலைச் சற்றுத் தாமதித்து அனுப்பும் வசதி வேண்டும். ஒலி ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 2.9 மில்லிசெகண்ட் எடுக்கிறது, 20 மீட்டர் தள்ளி வைத்தால் 58. அதற்கு மேல் 10 அல்லது 15 சேர்த்தால் பாட்டு மேடையிலிருந்து வருவதுபோலவே காதுக்குத் தோன்றும். டிலே இல்லாவிட்டால் பக்கத்து ஸ்பீக்கர் முதலில் பேசும், மேடை எதிரொலியாகப் பின்னால் வரும்.

எல்லாம் இணைத்தாயிற்று, பேஸ் மட்டும் எங்கோ ஒளிந்துகொண்டது என்றால் பெரும்பாலும் போலாரிட்டிதான் காரணம், சப்பின் அலையும் டாப்பின் அலையும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்து டாப்பையும் சப்பையும் மட்டும் ஓடவிட்டு, நீங்கள் வெட்டிய அதே அதிர்வெண்ணில் ஒரு டோனைப் போட்டு, அரங்கின் நடுவில் நின்றுகொண்டு, சப்பின் போலாரிட்டி சுவிட்சை இப்படியும் அப்படியும் ஒருவரைத் தட்டச் சொல்லுங்கள். எந்த நிலையில் சத்தம் அதிகமோ அதுதான் சரி, சுவிட்சில் என்ன எழுதியிருந்தாலும் சரி. சப் இரண்டு இருந்தால் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிப்பதைவிட ஒன்றாகச் சேர்த்து வைப்பது மேல். பிரித்தால் நடுக்கோட்டில் நிற்பவருக்கு இடி, கொஞ்சம் தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமில்லை.

வால்யூமைப் பொறுத்தவரை, ஸ்பீக்கரில் மைக், லைன் சுவிட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். ஒரே மாடல் டாப்புகளின் குமிழ் ஒரே நிலையில் இருக்கட்டும், ஏற்ற இறக்கத்தை மிக்சரில் செய்யுங்கள். டாப்பை மட்டும் வைத்துக் குரலைச் சரிசெய்துவிட்டு, சப்பைக் கீழேயிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

மிக்சர், ஸ்பீக்கர்கள் எல்லாவற்றுக்கும் முடிந்தவரை ஒரே சர்க்யூட்டிலிருந்து கரண்ட் எடுங்கள், விளக்குகளுக்கு வேறு சர்க்யூட். உர்ரென்று ஹம் வந்தால் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், மைக்கைப் பிடிப்பவரின் உயிரோடு விளையாடுவது அது. ஹம் பெரும்பாலும் லேப்டாப்பிலிருந்தோ கீபோர்டிலிருந்தோதான் வரும், அந்த வழியில் ஒரு டிஐ பாக்ஸ் (ஜாக் சிக்னலை எக்ஸ்எல்ஆருக்கு மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைத்து, சிக்னல் கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் போதும். ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கர்கள் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர்களிலிருந்து ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் மிக்சர் அணையும்போது வரும் டொம் நேராக ஊஃபரில் இறங்கும்.